வயரா, பேட்டரியா? டை கிரைண்டர் மாற்றுவதற்கு முன் நிமிடத்தை எண்ணுங்கள்

தீபாவளி முடிந்து தைப்பூச வேலை தொடங்கும் அந்த இடைவெளியில்தான் இந்தக் கேள்வி அதிகம் வரும். "அண்ணே, வயர் மெஷினைத் தள்ளிட்டு பேட்டரிக்கு மாறலாமா?" இந்தத் தடவை மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் மலேசியாவில் பினாங்குப் பக்கம் பிறை என்ற ஊரில் மோல்ட் (அச்சு) பட்டறை வைத்திருக்கிறார். இன்னொருவர் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் கேட், கிரில் அடித்து வீடு வீடாகப் போய் மாட்டுகிறவர். மூன்றாவது ஆள் இன்னும் படிக்கிற பையன். வீட்டு வாசலில் உட்கார்ந்து மோட்டார்சைக்கிள் எஞ்சின் ஹெட்டில் போர்ட்டிங் செய்கிறான், அதாவது காற்று போகும் வழியைத் தேய்த்து அகலமாக்குகிறான். மூன்று பேருக்கும் மூன்று பதில் சொன்னேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. இங்கே பேசுவது தட்டு போட்டு வெட்டும் கிரைண்டரைப் பற்றி இல்லை. டை கிரைண்டர் என்பது நீளமான உடம்பு, முனையில் கோலெட் என்ற பிடிப்பான், அதில் ரோட்டரி ஃபைல் என்று நாம் சொல்லும் பல் வைத்த கார்பைடு பர் அல்லது குச்சிக் கல் மாட்டி ஓட்டும் மெஷின். பட்டர்வொர்த்தில் என் மேசையில் வயர் வைத்தது ஒன்றும் பேட்டரி ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டிலும் பட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

பவர் பார்க்க வேண்டாம். நிறைய பேர் முதலில் கேட்பது அதைத்தான், ஆனால் எண்களைப் பாருங்கள். இங்கே பல பட்டறைகளில் கிடக்கும் மக்கிட்டா 906 வயர் மெஷின் 240 வாட், நிமிடத்துக்கு 27,000 சுற்று. அதற்குப் பெரியது ஜிடி0600, 400 வாட், 25,000 சுற்று. அதே கம்பெனியின் 18 வோல்ட் பேட்டரி மெஷின் டிஜிடி800, 26,000 சுற்று. மில்வாக்கி எம்12 ஃபியூவல் 24,500. வேகத்தில் எல்லாம் தோளோடு தோள் நிற்கின்றன. வெல்டிங் தையலைத் தேய்க்க, பிசிறு எடுக்க, ஓட்டையை அகலப்படுத்த எதுவானாலும் ஓடும்.

பார்க்க வேண்டியது வேறு. விரல் சுவிட்சில் இருக்கிற நேரம் ஒரே மூச்சில் எத்தனை நிமிடம்? அப்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், மேசை முன்னாலா, ஏணி மேலா, தொட்டிக்குள்ளா? கோலெட்டில் என்ன மாட்டுகிறீர்கள்? வீட்டில் ஏற்கனவே எந்தக் கம்பெனி பேட்டரி இருக்கிறது? கடைசியாக, மணிக்கட்டு தாங்குமா?

முதல் கேள்விதான் முக்கால்வாசி முடிவைச் செய்துவிடும். அதற்கு ஊகம் உதவாது. நானும் ஊகித்தேன், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓட்டுகிறேன் என்று. ஒரு வாரம் கைத்தொலைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால், அதிகம் ஓடிய நாளில் 40 நிமிடம். மீதி நேரமெல்லாம் பிடிப்பது, திருப்புவது, கிளாம்ப் போடுவது, விரலால் தடவிப் பார்ப்பது, தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) குடிப்பது. நீங்களும் ஒரு வாரம் எண்ணிவிட்டு மேலே படியுங்கள்.

## வயர் மெஷின்

இதன் பெரிய பலம் அலுக்காதது. காலை எட்டுக்கு ஓட்ட ஆரம்பித்தால் உடம்பு கை சுடும்வரை ஓடும். பத்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி ஓட்டலாம். கரண்டுச் செலவு ஒரு செலவே இல்லை. 400 வாட் மெஷினை ஒரு மணி நேரம் முழுக்க ஓட்டினாலும் 0.4 யூனிட்தான். ஒரு தே தாரிக் காசில் பல மணி நேரம் ஓடும்.

கைக்கும் இது சுகம். பின்பக்கம் பேட்டரி தொங்காததால் எடை நடுவில் இருக்கும். சின்ன 906-ஐ பேனா பிடிப்பதுபோல் ஒரு கையில் பிடித்து மூலை வேலை பார்க்கலாம். பழுதானாலும் நம் கையாலேயே சரி செய்யலாம். மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்தால் ஒரு ஜோடி வாங்கி ஸ்க்ரூ டிரைவரால் மாற்றிவிடலாம். விட்டு விட்டு ஓடினால் முதலில் கேபிள் உடம்புக்குள் நுழையும் கழுத்தைப் பாருங்கள். உள்ளே செம்புக் கம்பி முறிந்திருக்கும். முன் பேரிங்தான் இதில் அதிகம் அடிபடும். இரும்புத்தூள் உள்ளே போய் பேரிங் ஆட ஆரம்பித்தால் பர் துடிக்கும், துடித்தால் கார்பைடு பல் உடையும். பர் அடிக்கடி உடைகிறதே என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் கோலெட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டால் பவர் குறையும் என்று பலர் சொல்வார்கள். தட்டுக் கிரைண்டருக்கும் வெல்டிங் செட்டுக்கும் அது உண்மை. டை கிரைண்டருக்குப் பொருந்தாது. 400 வாட் என்றால் இரண்டு ஆம்பியருக்கும் குறைவு. 30 மீட்டர் வயரில் இரண்டு, மூன்று வோல்ட் குறைந்தால் மெஷினுக்குத் தெரியவே தெரியாது. வயரின் தொல்லை வேறு. ஈரத் தரையில் கிடக்கும், ஆள் தடுக்கும், லோரி ஏறும், சுழலும் பர் அதைக் கவ்வும். சைட்டில் ஜெனரேட்டரை வெல்டிங் செட்டோடு பங்கு போட்டால் ஒவ்வொரு தடவை ஆர்க் அடிக்கும்போதும் மெஷின் சத்தம் ஏறி இறங்கும். பெரிய சைட்டில் வயருக்கும் மெஷினுக்கும் சோதனை செய்த கலர் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு ஆபத்தை நான் அனுபவித்தேன். ஒரு மழை நாள் சாயங்காலம், 10 மில்லிமீட்டர் பர்ரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்டு போய்விட்டது. தள்ளு சுவிட்ச் ஆனில் இருந்ததை மறந்து மெஷினை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். பத்து நிமிடம் கழித்து கரண்டு வந்தது. உள்ளே போவதற்குள் மெஷின் எலி மாதிரி மேசையெல்லாம் ஓடி, கீழே விழுந்து, என் கால் பக்கம் வந்து நின்றது. செருப்பு போட்டுக்கொண்டு வேலை செய்தது என் தப்பு. அந்தச் செருப்பில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது. பழைய வயர் மெஷின்கள் பலவற்றில் இதற்குத் தடுப்பு கிடையாது. பேட்டரி மெஷின்களில் நிறைய மாடல்களில் உண்டு. சுவிட்ச் ஆனில் இருக்கும்போது பேட்டரியைச் செருகினாலும் ஓடாது.

## 18 வோல்ட் பேட்டரி மெஷின்

சுதந்திரம் என்று விளம்பரத்தில் சொல்வது பொய் இல்லை. கேட்டை மாட்டிய பிறகு கீல் பக்கம் ஒரு சின்னப் பிசிறு தெரிகிறது. வயர் என்றால் வீட்டுக்கார அம்மாவிடம் பிளக் கேட்டு, ஜன்னல் வழியாக வயர் இழுத்து, இரண்டு நிமிட வேலைக்கு இருபது நிமிடம். பேட்டரி என்றால் பையிலிருந்து எடு, தேய், வை.

தைப்பூசத்துக்கு முந்திய இரவு பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் நின்றிருந்தால் இன்னும் நன்றாகப் புரியும். ஒரு காவடிக்குக் கடைசி நேரத்தில் இடுப்பு வளையத்தை மாற்றினோம். அலுமினியப் பட்டையின் உள்விளிம்பில் அரை மில்லி பிசிறு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதைச் சுமந்து ஏறுகிறவருக்கு நாலு மணி நேரத்தில் தோல் கிழிந்துவிடும். பந்தலில் இருந்த பிளக்கெல்லாம் விளக்குக்கும் பாட்டுப் பெட்டிக்கும் போயிருந்தன. பேட்டரி மெஷினில் அலுமினியப் பர் மாட்டி, பல்லில் மெழுகுவர்த்தியை ஒரு தேய் தேய்த்து ஓட்டினேன். அலுமினியம் பல்லில் ஒட்டாமல் இருக்க மெழுகு உதவும். இரும்புக்கு உள்ள இரட்டை வெட்டுப் பர்ரில் ஓட்டினால் பல் அடைத்துக்கொள்ளும். மூன்று நிமிடத்தில் வளையம் வழவழவென்று ஆனது.

மூன்று நிமிடம். இந்த எண்ணைக் கவனியுங்கள். ஏனென்றால் பேட்டரியின் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் உள்ளே 90 வாட்-அவர். லேசான பிசிறு வேலைக்கு மெஷின் 200 வாட் இழுக்கிறது என்று வைத்தால் 27 நிமிடம். அழுத்தித் தேய்த்தால் 350 வாட் போகும், அப்போது 15 நிமிடம். தோராயமாக ஒரு பேட்டரிக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கிட்டாவின் வழக்கமான ஃபாஸ்ட் சார்ஜர் அந்த 5 ஆம்பியர்-அவர் பேட்டரியை நிரப்ப 45 நிமிடம் எடுக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "நாலு பேட்டரி வாங்கிட்டா நிக்காம ஓட்டலாம்ல?" முடியாது. சார்ஜர் ஒன்றுதான் என்றால் 45 நிமிடத்துக்கு ஒரு பேட்டரிதான் நிரம்பி வரும், அதாவது 45 நிமிடத்தில் 20 நிமிட ஓட்டம். கையிருப்பு தீர்ந்த பிறகு பத்து பேட்டரி இருந்தாலும் வேகம் அதேதான். ஒரே நேரத்தில் இரண்டை நிரப்பும் சார்ஜர் இருந்தால்தான் கிட்டத்தட்ட நிற்காமல் ஓட்டலாம். அதுவும் பேட்டரி சூடாக இல்லாவிட்டால். டிரில்லில் விரல் விட்டு விட்டு அழுத்தும். டை கிரைண்டரில் தொடர்ந்து அழுத்தும். அதனால் பேட்டரி கொதித்து வெளியே வரும். சுடச்சுடச் செருகினால் சார்ஜர் முதலில் ஆற வைக்கும், அப்புறம்தான் நிரப்பும். நம் ஊர் மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்த 45 நிமிடம் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

### மறைந்திருக்கும் செலவு

கடையில் தொங்கும் விலை பெரும்பாலும் வெறும் மெஷினுக்கு. இரண்டு பேட்டரியும் சார்ஜரும் தனியாக எடுத்தால் மெஷின் விலையைத் தாண்டிவிடும். ஏற்கனவே அதே கம்பெனி டிரில், தட்டுக் கிரைண்டர் வைத்திருந்தால் அந்தச் செலவு மிச்சம். ஆனால் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. மக்கிட்டா 18 வோல்ட் பேட்டரி 40 வோல்ட் மெஷினில் ஏறாது. மில்வாக்கி எம்12-க்கும் எம்18-க்கும் ஒத்துப்போகாது. 20 வோல்ட் மேக்ஸ் என்று போட்டிருப்பது அதிக சக்தி என்று நினைக்காதீர்கள். உள்ளே அதே ஐந்து செல் வரிசைதான். முழுக்க நிரம்பிய நிலையில் அளந்தால் 20, ஓடும்போது 18.

அப்புறம் போலி பேட்டரி. இணையத்தில் 6 ஆம்பியர்-அவர் என்று பாதி விலைக்கு வரும். எடை போட்டுப் பாருங்கள். அசல் 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பத்து செல் இருக்கும், எடை 600 கிராமைத் தாண்டும். அதைவிடப் பெரியது என்று சொல்லிக்கொண்டு கையில் லேசாக இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களே யோசியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த செட் மலிவாகக் கிடைத்தால் சார்ஜர் ஸ்டிக்கரைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் வீட்டு பிளக்கில் செருகியதும் புகைதான் வரும்.

ஒரு பேட்டரியை நானே சாகடித்தேன். லோரி டேஷ்போர்டில், வெயிலில், முழு சார்ஜோடு, பள்ளி விடுமுறை முழுக்க. லித்தியத்துக்குச் சூடும் முழு வயிறும் சேர்ந்தால் ஆகாது. நாள் கணக்கில் சும்மா வைப்பதென்றால் பாதி சார்ஜில், நிழலில் வையுங்கள்.

மணிக்கட்டு விஷயம் கடையில் தெரியாது. 18 வோல்ட் மெஷின் பேட்டரியோடு கிட்டத்தட்ட ஒரு முழ நீளம், வால் கனம். இரண்டு கையால் பிடித்தால் நிதானமாக நிற்கும், நீளமான தையலுக்கு அது நல்லது. ஒரு கையால் மூலைக்குள் விட்டால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு கேள்வி கேட்கும்.

பழுது என்றால் இன்னொரு கதை. கார்பன் இல்லாத மோட்டாரில் தேய கார்பன் இல்லை, சரி. ஆனால் போர்டு போய்விட்டால் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார முடியாது. இரும்புத்தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், வேலை முடிந்ததும் காற்றால் ஊதிவிடுவது இதற்கு இன்னும் முக்கியம்.

## சின்ன 12 வோல்ட்

இதைப் பொம்மை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. 12 வோல்ட் என்று போட்டிருந்தாலும் ஓடும்போது 10.8தான், அதனால் 4 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 43 வாட்-அவர், பெரியதில் பாதிக்கும் குறைவு. ஆனால் எம்12 ஃபியூவல் மாதிரி மெஷினில் நாலு வேகம் உண்டு, கை அடக்கம், கார் பானெட்டுக்குள் நுழையும். இரண்டு அங்குலத் தட்டு மாட்டி கேஸ்கெட் சுரண்டுகிற மெக்கானிக்குக்கு வேறு எதுவும் வேண்டாம். வெல்டிங் தையலை நாள் முழுக்கத் தேய்க்கிறவர் இதன் பக்கமே போக வேண்டாம்.

## காற்று

மூவரில் யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காற்று மெஷின் எல்லாவற்றிலும் லேசு, கையில் சுடாது. ஆனால் காற்றைக் குடிக்கும். வீட்டு வாசலில் இருக்கும் இரண்டு குதிரைசக்தி கம்ப்ரஸர் ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு மூச்சு வாங்கும். நம் ஊர் ஈரத்துக்குக் குழாயில் தண்ணீர் சேரும். வடிகட்டியும் எண்ணெய்ச் சொட்டும் இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும். பெரிய கம்ப்ரஸர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பட்டறைக்கு மட்டும்தான் இது மலிவு.

| | வயர் | 18 வோல்ட் | 12 வோல்ட் | காற்று |
|---|---|---|---|---|
| ஒரே மூச்சில் | சூடு ஏறும் வரை | 15–27 நிமிடம் | அதில் பாதி | கம்ப்ரஸரைப் பொறுத்தது |
| கையில் | சமநிலை | வால் கனம் | கையடக்கம் | மிக லேசு |
| மறைந்த செலவு | வயர், இழுக்கும் நேரம் | பேட்டரி, சார்ஜர் | பேட்டரி | கம்ப்ரஸர், வடிகட்டி |
| நம் கையால் பழுது | முடியும் | கஷ்டம் | கஷ்டம் | ஓரளவு |
| பொருத்தமான இடம் | மேசை | ஏணி, சைட், தொட்டி | பானெட்டுக்குள் | பெரிய பட்டறை |

## கோலெட்டும் வேகமும்

எந்த மெஷின் என்பதைவிட இதில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லி. அந்தக் கோலெட்டில் 6 மில்லி பர்ரைப் போட்டு இறுக்கினால் பிடித்த மாதிரி இருக்கும், ஓடும்போது நழுவி வெளியே வரும். மாறும்போது புது மெஷினோடு எந்தக் கோலெட் வருகிறது, உங்கள் டப்பாவில் இருக்கும் பர் எல்லாம் எந்த அளவு என்று பாருங்கள். கோலெட் மாறினால் மொத்த டப்பாவையும் மாற்ற வேண்டி வரும். அதுவும் மறைந்த செலவுதான்.

இரும்பில் 6 மில்லி பர்ருக்கு 25,000 சுற்று சரி. 12 மில்லி பர்ருக்கு அதில் பாதி போதும். மேலே போனால் பல் கருகும். நீளக் கால் பர் என்றால் இன்னும் குறைக்க வேண்டும். முழு வேகத்தில் காற்றில் ஓடவிட்டால் கால் வளைந்து சாட்டை மாதிரி வீசும். அதனால் பெரிய பர், நீளப் பர் பயன்படுத்துகிறவர்கள் வயரோ பேட்டரியோ, வேகம் மாற்றும் மெஷினாகப் பாருங்கள். மக்கிட்டாவின் ஜிடி0800சி 7,000-லிருந்து 28,000 வரை மாறும்.

பேட்டரி என்பதால் விதி எதுவும் தளராது. தீப்பொறி அதே தீப்பொறி, ஹாட் வொர்க் பெர்மிட் (தீப்பொறி வேலைக்கான அனுமதிச் சீட்டு) தேவைப்படும் இடத்தில் இதற்கும் தேவை. பர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குகிற மாதிரி பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இரும்புத் தொட்டிக்குள் இறங்குகிறவர்களுக்கு மட்டும் பேட்டரி உண்மையிலேயே பெரிய வித்தியாசம். வியர்த்த உடம்போடு இரும்புக்குள் உட்கார்ந்திருக்கும்போது 240 வோல்ட் வயர் பக்கத்தில் இல்லாதது நிம்மதி. ஷட்டவுன் வேலைக்கு (ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்பது) சரவாக்கின் பிந்துலு, மீரி என்று விமானம் ஏறுகிறவர்கள் உதிரி பேட்டரியைக் கைப்பையில் வைக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. 5 ஆம்பியர்-அவர் பேட்டரி 90 வாட்-அவர் என்பதால் பிரச்சினை இல்லை. 6 என்றால் 108. நூறைத் தாண்டிவிட்டதால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும்.

## மூவருக்கும் சொன்னது

மோல்ட் பட்டறைக்காரர் ஒரு நாளில் மூன்று மணி நேரம் விரலை எடுப்பதில்லை, அதுவும் ஒரே மேசையில். மாற வேண்டாம் என்றேன். பேட்டரி ஆசை விடவில்லை என்றால் மெஷினுக்குள் தலையை விட்டுப் பார்க்கிற வேலைக்கு ஒரு 12 வோல்ட் மட்டும் எடுங்கள், வயர் மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

கிரில் மாட்டுகிறவருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. டிரில், தட்டுக் கிரைண்டர் இரண்டும் ஏற்கனவே 18 வோல்ட், நாலு பேட்டரி கையில். ஒரு வீட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடாது. வெறும் மெஷின் மட்டும் வாங்கினார். ஆனால் பழையதை விற்க வேண்டாம் என்று சொன்னேன், பட்டறையில் தையல் தேய்க்க அதுதான். விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

பையனுக்குத்தான் ஏமாற்றம். போர்ட்டிங் என்பது மணிக்கணக்கு வேலை. அளந்து அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கணும். வேகம் மாற்றும் வயர் மெஷின், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, பேரிங் ஆட்டம் இல்லாததாகப் பார்த்து எடு, மிச்சக் காசில் நல்ல பர் ரெண்டும் முகத்துக்குக் கவசமும் வாங்கு என்றேன். "அப்போ பேட்டரி எப்ப வாங்கலாம் மாமா?" என்று கேட்டான். வீட்டில் அப்பாவிடம் என்ன டிரில் இருக்கிறது என்று கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: வயர் வைத்தது.